திமிர் என்று ஒரு வியாதி கிடையாது

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த மறுநாளே அறிவுரையும் வந்து சேர்ந்துவிடும். லிஃப்டில் கூட வருபவர், பால் போடுபவர், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், ஊரிலிருந்து போன் பண்ணும் சித்தப்பா என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்வார்கள். குட்டி டெரியர் வகை என்று தெரிந்தால் குரலில் கண்டிப்பும் ஏறிக்கொள்ளும். "டெரியரா? பயங்கர அடமாச்சே! இப்பவே அடக்கி வைங்க. சாப்பிடலையா, ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும். கடிக்குதா, மூக்கு மேல ஒண்ணு வைங்க. சொறிஞ்சுக்கிட்டே இருக்கா, அது சூடு. சிக்கனை நிறுத்திட்டுத் தயிர்சாதம் போடுங்க, வேப்பெண்ணெய் தடவுங்க." தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடி போய்ச் சேர்வதற்குள் மூன்று பிரச்சினைகளுக்கும் தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள்.

நாய் வளர்ப்பு வீடியோக்களிலும் இதே தீர்ப்புதான், இங்கிலீஷ் தூக்கலாக. ஆல்ஃபா, பேக் லீடர், டாமினன்ஸ் என்பார்கள். பழைய பிரம்புக்குப் புதுப் பெயர். லிஃப்டில் கேட்டதையே போனிலும் கேட்டுவிட்டதால் குட்டி வைத்திருப்பவருக்குச் சந்தேகம் தீர்ந்துபோகிறது. அன்று சாயங்காலமே மூக்கில் முதல் அடி விழுகிறது.

இந்த அறிவுரைகளை ஒன்றாகக் கட்டியிருப்பது ஒரே நம்பிக்கைதான். குட்டி வேண்டுமென்றே செய்கிறதாம். சாப்பிடாதது பிடிவாதமாம், கடிப்பது திமிராம். அரிப்பை மட்டும் உடம்போடு சேர்த்துப் பார்க்கிறார்கள், ஆனால் அதற்கும் தோலைப் பார்க்காமலே காரணம் சொல்லிவிடுகிறார்கள். இது அடியோடு தவறு என்கிறேன். பார்க்கும் வரிசையும் தவறு. கடி நமக்கு வலிப்பதால் முதலில் கடியைத்தான் திருத்தப் பார்க்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது தோலை, பிறகு தட்டை. பல்லுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். அரிப்பில் ராத்தூக்கம் போன குட்டி, பிஸ்கட்டில் வயிறு நிரம்பி, பரிசுக்கு நீட்டும் துண்டைக்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகும் குட்டி, இவற்றுக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது.

அதற்கு முன் டெரியரின் அடத்தைப் பற்றி. நம் வீடுகளில் ஒரு காலத்தில் எச்.எம்.வி. இசைத்தட்டில் சுற்றிக்கொண்டிருந்ததே ஒரு நாய், குழல் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அதுவும் டெரியர் கலப்புதான். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. பெயர் நிப்பர். வீட்டுக்கு வருகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வும் பழக்கத்தால் வந்த பெயர். உலகத்திலேயே சாதுவான நாய்ப்படம் என்று நாம் நினைத்திருப்பது ஒரு கணுக்கால் கடியனின் படம்.

இன்று சென்னை, கோவை அடுக்குமாடிகளில் நிறையக் கண்ணில் படும் ஜாக் ரஸ்ஸல் டெரியர் வம்சத்துக்கும் கதை உண்டு. டெவன் பகுதியின் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த 1819இல், ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கினார். அதன் வழியில் நரி வேட்டைக்கென்றே அவர் வளர்த்தெடுத்த நாய்கள் இவை. வேலை என்னவென்றால், நரி பதுங்கிய வளைக்குள் தனியாக இறங்க வேண்டும், இருட்டில் நரியோடு முகத்துக்கு முகம் நின்று குரைக்க வேண்டும், அது வெளியே ஓடும்வரை பின்வாங்கக் கூடாது. மேலே நிற்கும் எஜமானின் சத்தம் கீழே கேட்காது. என்ன செய்வதென்று நாயேதான் முடிவெடுக்கும். சொன்ன பேச்சுக்குக் காத்திருக்கிற நாயை அந்த வேலைக்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை. பல தலைமுறை பொறுக்கியெடுத்து நாமே ஏற்றிவைத்த குணத்தை இரண்டு மாதக் குட்டியின் ஒழுக்கக்கேடு என்பது என்ன நியாயம்? அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து இனக் குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து 1965இல் நூலாக எழுதினார்கள். அதில் ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு குட்டியையே தாக்கியதால் பிரித்துவைக்க வேண்டிவந்தது. யாரும் கெட்டுப்போகக் கற்றுக்கொடுத்த குட்டிகளல்ல அவை.

இனி அரிப்புக்கு வருவோம். விஷயம் அதிகம் இருப்பதும் அலட்சியம் அதிகம் நடப்பதும் இங்கேதான்.

"தொட்டுப் பாருங்க, உடம்பு சுடுது" என்பார்கள். சுடத்தான் செய்யும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எந்த ஆரோக்கியமான நாயும் காய்ச்சல்காரன் மாதிரிதான் இருக்கும். மனிதருக்குச் சொல்லும் சூடு, குளிர்ச்சி கணக்கோடு எனக்கு இங்கே வழக்கில்லை. ஆனால் அந்தக் கணக்கை நாயின் தோல்மேல் போட்டதால் நடக்கும் கெடுதல் ஒன்று உண்டு: காரணம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் யாரும் ரோமத்தை விலக்கிப் பார்ப்பதில்லை.

இரண்டு, மூன்று மாதக் குட்டி சொறிந்தால் முதல் சந்தேகம் ஒட்டுண்ணிகள்மேல்தான். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறிப்பூச்சி, காதுக்குள் வாழும் நுண்பூச்சி. இவை இல்லையென்றான பிறகுதான் மற்றது. சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். பேன் சீப்பால் வாலடி முதுகை நாலு தடவை வாரி, வந்த குப்பையை நனைத்த வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் தட்டுங்கள். கறுப்புப் பொடி செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது மண்ணல்ல, தெள்ளுப்பூச்சி குடித்து வெளியேற்றிய ரத்தம். அடுத்தது காது. காதுமடலின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மடித்துத் தேயுங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாக எழுந்து காற்றில் சொறிய ஆரம்பித்தால் சொறிப்பூச்சி இருக்கலாம் என்று மருத்துவர்கள் வலுவாகச் சந்தேகிப்பார்கள். மடலோரத்திலும் முழங்கை முட்டியிலும் பொருக்கு தட்டியிருக்கிறதா, குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுபவரின் முன்கையிலோ வயிற்றிலோ சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கொப்புளத்தைக் கொசுக்கடி என்று தள்ளிவிடுகிற வீடுகள் ஏராளம். சொறிப்பூச்சி தோலுக்குள் வளை தோண்டி இருப்பதால், சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் பல சமயம் சிக்காது. அதனால் அடையாளங்களை வைத்தே மருத்துவர் மருந்து தருவதுண்டு. "ஒண்ணுமே தெரியல, எதுக்கு மருந்து" என்று அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

உண்ணிக்கு இன்னொரு கதை. நாய்மேல் நாம் காண்பது அதன் கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் ஜன்னல் சட்ட இடுக்கிலும் ஒளிந்து, தோல் உரித்து, முட்டையிட்டு மறுபடி ஏறும். குட்டியை மட்டும் குளிப்பாட்டிவிட்டு அது படுக்கும் சாக்கையும் பால்கனி மூலையையும் விட்டுவைத்தால் பத்து நாளில் பழைய கதைதான். அதோடு, இந்தப் பழுப்பு உண்ணி எர்லிக்கியா போன்ற ரத்தக் கிருமிகளையும் பரப்புகிறது. குட்டி சோர்ந்து, சாப்பாட்டை வெறுத்து, ஈறு வெளிறிப்போனால் அது அடமா, உண்ணிக் காய்ச்சலா? லிஃப்ட் நண்பருக்கு எப்படித் தெரியும்?

வீட்டு வைத்தியத்தின் கொடுமையை இங்கே சொல்லியாக வேண்டும். கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை வாளித் தண்ணீரில் கண்மட்டில் ஊற்றிக் கலக்கிய குளியல். கற்பூரம் நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் நேராகவே போகும், வலிப்பு வரும். மாட்டுக்கான செறிவு இரண்டு கிலோ குட்டிக்கு உயிராபத்து. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்கு எடை பார்த்துக் கொடுக்கும் பாதுகாப்பான மாத்திரைகள் இப்போது கிடைக்கும்போது மண்ணெண்ணெய் டப்பாவை ஏன் தேட வேண்டும்? அடிக்கடி குளிப்பாட்டுவதும் உதவாது. நம் தோலைவிட நாய்த்தோலின் அமிலத்தன்மை குறைவு. நம் சோப்பும் ஷாம்புவும் அதை வறட்டி, இருக்கிற அரிப்பைக் கூட்டும்.

"ஒரு ஊசி போட்டா நின்னுடும்" என்ற பேச்சும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போட்டால் நிற்கும், ஆமாம். அரிப்பு நிற்கும், பூச்சி நிற்காது. குட்டிகளின் தோலில் வரும் டெமோடெக்ஸ் போன்ற சொறி ஸ்டீராய்டால் இன்னும் பெருகும். காரணம் பார்க்காமல் ஊசி கேட்டு வற்புறுத்துபவரும் வற்புறுத்தலுக்குப் பணிபவரும் சேர்ந்து குட்டியின் ஒரு மாதத்தை வீணடிக்கிறார்கள்.

இப்போது கோழி. அரிப்பென்றதும் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். உணவு ஒவ்வாமை நாய்களுக்கு உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்று, எந்தப் பொருள் எத்தனை நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கணக்கிட்டது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13. பெரும்பாலும் மேலைநாட்டுத் தட்டுகளின் கணக்கு இது, அதை அப்படியே நம் ஊருக்கு ஒட்டக் கூடாது. ஆனாலும் கோழியை நிறுத்திவிட்டுத் தயிரை ஊற்றுகிறவர்கள் அந்தப் பட்டியலில் கோழிக்கு ஒரு படி மேலே இருப்பது எது என்று ஒரு தடவை பார்க்கலாம்.

உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய ஒரே வழிதான் உண்டு. குட்டி இதுவரை தின்றிராத ஒரே புரதத்தையோ, மருத்துவர் தரும் சிறப்பு உணவையோ எட்டு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட், ஒரு எலும்பு, பாட்டி ஊட்டிய ஒரு வாய் நெய்ச்சோறு எதுவும் கூடாது. எட்டு வாரம் கழித்துப் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்திலும் முடியிலும் எச்சிலிலும் பார்க்கும் 'அலர்ஜி டெஸ்ட்' பணம் செலவாக நல்ல வழி, உணவு விஷயத்தில் அவற்றை நம்ப முடியாது. காற்றிலும் தூசியிலும் இருந்து வரும் தோல் ஒவ்வாமையோ பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். வெஸ்ட் ஹைலேண்ட் ஒயிட் டெரியருக்கு அது பரம்பரைச் சொத்து, ஃபாக்ஸ் டெரியரும் அதற்கு இலக்காகும் இனம்தான். வருங்காலத்தில் வரலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரக் குட்டியின் சொறிதலுக்கு அதை முதல் காரணமாக்காதீர்கள்.

தட்டுக்கு வருகிறேன். "எதையும் தின்ன மாட்டேங்குது" என்று புலம்பும் வீட்டில், அது நாள்முழுக்க என்னென்ன தின்றது என்று எழுதச் சொல்லுங்கள். காலையில் காபியோடு ஒரு மேரி, பால்காரருக்குக் குரைக்காமல் இருந்ததற்கு ஒன்று, பள்ளியிலிருந்து வந்த பையன் இரண்டு, தாத்தா ரகசியமாக ஒன்று. இரண்டு கிலோ எடையுள்ள, நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் 25 கலோரிக்குப் பக்கம். ஐந்து பிஸ்கட் போனால் அன்றைய சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயாயிற்று. அதற்குப் பிறகு வைக்கும் தட்டை அது மோந்துவிட்டுப் போனால், வயிறு தன் கணக்கைச் சரியாகச் சொல்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பதறி, கோழி ஈரலைக் கலந்து வைப்பார்கள். அடுத்த வேளை ஈரல் வரும்வரை குட்டி காத்திருக்கும். நாம் கற்றுக்கொடுத்ததை அது கற்றுக்கொண்டது, அதற்குப் பெயர் அடமா?

பட்டினி வைத்தியத்துக்கு வருவோம். வளர்ந்த நாய் ஒரு வேளை, இரண்டு வேளை விட்டால் ஒன்றும் ஆகாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சின்ன இனக் குட்டிக்குக் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. நேரத்துக்கு உணவு போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்து, தள்ளாடி, வலிப்பு வந்து செத்தும் போகலாம். "ரெண்டு நாள்" என்று லிஃப்டில் அலட்சியமாகச் சொல்லப்பட்டது இதைத்தான். செய்ய வேண்டியது பட்டினிக்கும் கெஞ்சலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை, ஒரே நேரம், ஒரே உணவு. இருபது நிமிடம் வைக்கலாம், தின்றாலும் தின்னாவிட்டாலும் பேசாமல் எடுத்துவிடலாம். இடையில் பயிற்சிக்குக் கொடுப்பதும் அந்த நாளின் அளவிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். உணவை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். எடை ஏறிக்கொண்டு, குட்டி துள்ளிக்கொண்டு இருந்தால், தட்டில் மிச்சம் இருப்பது உங்கள் கவலையே தவிர அதன் கவலையல்ல. சென்னையின் மே மாத மதியத்தில் எந்த உயிரும் பசித்துத் தின்னாது, குட்டிக்கு விடிகாலையும் ராத்திரியும் வையுங்கள்.

துள்ளல் நின்றுபோனால் கதையே வேறு. தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, தட்டைப் பார்க்காமல் திரும்பினால் பார்வோவாக இருக்கலாம். அது அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய நோய், நாளைக்கு என்றால் பிந்திவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடும் ஊசியெல்லாம் இதற்காகத்தான். வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் குடற்புழு. தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடும் புழு அது. இரண்டு வாரத்திலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். விற்றவர் "எல்லாம் கொடுத்தாச்சு" என்பார், அட்டையைக் கேளுங்கள்.

தயிர்சாதம் விஷமல்ல. வயிறு கெட்ட ஒரு நாளைக்கு வெறும் சாதம் நல்லதுதான். "நாய் ஓநாயோட வம்சம், சாதமே ஆகாது, பச்சைக்கறிதான்" என்று எதிர்த்திசையில் கிளம்பியிருக்கும் கோஷ்டியும் தப்பு. மனிதனோடு வாழ்ந்ததில் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிடப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. சாதம் செரிக்கும். ஆனால் சாதமும் தயிருமே முழு உணவு என்றால் வளரும் எலும்புக்கும் தசைக்கும் புரதம் போதாது, சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரமும் கணக்குத் தப்பும். வெறும் கறியிலும் இதே சுண்ணாம்புக் குறைதான், எலும்பு வளையும். "எங்க தாத்தா வீட்டு நாய் கூழ் குடிச்சே பதினாலு வருஷம் இருந்துச்சே" என்பார்கள். அந்த நாய் வயக்காட்டில் எலியும் ஓணானும் தானே பிடித்துத் தின்றதைத் தாத்தா கணக்கில் எழுதவில்லை. பிழைக்காத குட்டிகளையும் எழுதவில்லை. மூன்றாவது மாடிக் குட்டிக்கு எலி கிடையாது. சாம்பார் சாதமென்றால் வெங்காயமும் சேர்ந்துவிடும், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும்.

கடி இப்போதுதான் வருகிறது. குட்டிக்கு 28 பால்பற்கள், ஊசிமுனை மாதிரி. நாலாம் மாதம் விழத் தொடங்கி ஆறு, ஏழாம் மாதத்துக்குள் 42 புதுப்பற்கள் வந்துவிடும். ஈறு தினவெடுக்கும் காலம் அது. கடியின் பலத்தை அடக்கக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். பலமாகக் கடித்தால் எதிர்க்குட்டி கத்தும், விளையாட்டு நிற்கும், தாய் எழுந்து போய்விடும். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே குட்டியைப் பிடுங்கி விற்கிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. "சின்னதா இருந்தாத்தான் பாசம் ஒட்டும்" என்று வாங்குகிறவர்களே அவசரப்படும்போது விதி என்ன செய்யும்? பாடம் முடியாமல் வந்த குட்டி நம் விரலில் பாடம் படிக்கிறது. அதற்குப் பதில் மூக்கில் அடி.

அந்த அடிக்கு நியாயம் சொல்வது, நாய்க்கு நாமே தலைவன் என்று அடக்கிக் காட்ட வேண்டும் என்னும் ஆல்ஃபா வாதம். அதன் வேர் 1947இல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் எழுதியது. டேவிட் மீச் 1970இல் தன் ஓநாய் நூலில் அதைப் பரப்பினார். பிறகு அதே மீச் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்து, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள்தான், பதவிச் சண்டை போட்டுத் தலைவனாவது அங்கே வழக்கமில்லை என்று 1999இல் எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிடாதீர்கள் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொண்டவரும் அவரே. நம் வீடியோக்காரர்கள் 1970லேயே நிற்கிறார்கள். நாயைப் பிடித்து மல்லாக்கப் போட்டு அமுக்கும் முறையைப் பிரபலமாக்கிய நியூ ஸ்கீட் துறவிகளின் நூல்கூட 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைக் கைவிட்டுவிட்டது.

அடித்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. அடித்தும் உதைத்தும் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் திருப்பி ஆக்ரோஷம் காட்டியது. மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். நடத்தைப் பிரச்சினைக்காகவே வந்த நாய்கள் அவை என்பதால் எல்லா நாய்க்கும் அதே விகிதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடி அடங்கவைக்கும் என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். வளைக்குள் நரி கடித்தும் பின்வாங்காதபடி வளர்த்தெடுத்த வம்சம் உங்கள் சுண்டுவிரல் அடிக்கா அடங்கும்? அடி வாங்கிய டெரியர் இன்னும் வேகமாகத் திரும்ப வரும். அல்லது உறுமாமல் கடிக்கக் கற்கும். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அணைத்துவிட்டால் மிச்சம் இருப்பது கடி மட்டும்தான்.

மென்மையான அறிவுரைக்காரர்களையும் விட்டுவைக்க மாட்டேன். "கடித்தால் 'ஆ' என்று கீச்சுக் குரலில் கத்துங்கள்" என்கிறார்கள். லாப்ரடாருக்கு நடக்கலாம். பல டெரியர்களுக்கு அந்தக் கீச்சு எலியின் சத்தம், இன்னும் உற்சாகம்தான். சத்தம் போடாமல் எழுந்து, கதவுக்கு அந்தப் பக்கம் போய், அரை நிமிடம் கழித்து வருவது மேல். பல் பட்டால் ஆட்டம் போச்சு என்பதை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் காட்ட வேண்டும். அம்மா எழுந்து போக, அண்ணன் கையைக் கடிக்கக் கொடுத்து விளையாடினால் குட்டிக்கு இரண்டு சட்டம். வேட்டி, நைட்டி, புடவைத் தலைப்பு ஆடுவதைப் பார்த்தால் அதன் மூளையில் வேட்டை மணி அடிக்கும். அப்போது உதறாமல் நின்றுவிட்டு, கயிற்றுப் பொம்மையைத் தரையில் இழுத்துக் காட்டுங்கள். கவ்வி உலுக்க அதற்கு ஒரு பொருள் வேண்டும், அந்தத் தேவையைத் தடுக்க முடியாது, திசை மாற்றலாம். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறும் தணியும்.

யாரும் கண்டுகொள்ளாதது தூக்கம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் முக்கால்வாசியைத் தூங்கியே கழிக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடி, சோபாவிலிருந்து பாய்ந்து, குழந்தைகளின் கணுக்காலைத் துரத்தும் குட்டி பெரும்பாலும் தூக்கம் கெட்ட குட்டி. பகலெல்லாம் ஆள் மாற்றி ஆள் எழுப்பியிருப்பார்கள். அரிப்பு எழுப்பியிருக்கலாம். அதனால்தான் தோலை முதலில் பார்க்கச் சொன்னேன். சொறிப்பூச்சிக்கு மருந்து போன வீட்டில் பயிற்சியே இல்லாமல் கடி பாதியாகக் குறைவதை மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும்போது பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. பல் பட்டுத் தோல் கிழிந்தாலோ கீறினாலோ, "நம்ம குட்டிதானே" என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது, அதற்கு முன் எங்கிருந்து வந்தது, தாய்க்கு ஊசி போட்டார்களா என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். குட்டிகளுக்கும் வெறிநோய் வரும்.

"இதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம்?" என்பதுதான் கடைசியில் மிஞ்சும் கேள்வி. நேர்மையான கேள்வி, அதனால் நேராகவே பதில் சொல்லலாம். நேரமில்லாதவருக்கு டெரியர் குட்டி வேண்டாம். சென்னை ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் பல் மாறி, ஊசி போட்டு, கருத்தடையும் முடிந்த வளர்ந்த நாய்கள் தத்துக்குக் காத்திருக்கின்றன. சாதம் வைத்தாலும் தின்னும், வாலையும் ஆட்டும்.